நிருபர் நின்ற இடம்

போர்ச் செய்தி என்பது பெரும்பாலும் நிருபர் நின்ற இடத்தின் செய்தி. படைத் தளபதியின் கூடாரத்தை ஒட்டி நின்றவர் முன்னேற்றத்தை எழுதுகிறார். மருத்துவமனை வாசலில் நின்றவர் காயங்களை எழுதுகிறார். உள்ளே விடப்படாமல் எல்லைச் சாவடியில் காத்துக் கிடந்தவருக்கு இரு தரப்பு அறிக்கைகளைத் தவிர எழுத ஒன்றுமில்லை. இவற்றில் எதுவும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் நாளிதழ் வாசகர் கைக்கு வரும்போது, எழுதியவர் எங்கே நின்றார் என்ற விவரம் வழியிலேயே உதிர்ந்துபோயிருக்கும். உலக ஊடகங்கள் போரையும் பயங்கரவாதத்தையும் காட்டும் விதத்துக்கு அரசியல் சார்பு, முதலாளியின் நலன், இனப்பற்று, மதப்பற்று என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. எல்லாவற்றிலும் உண்மை உண்டு. ஆனாலும் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் வேலை செய்பவர்கள் அன்றாடம் முட்டிக்கொள்ளும் சுவர் வேறு: யாரை எங்கே நிற்க விட்டார்கள் என்பதே அது.

தமிழ் நாளிதழ்களுக்குப் போர்முனைகளில் சொந்த நிருபர் இருப்பது மிக அரிது. செய்தி ஏஜென்சிகளின் வழியாகவே வருகிறது. 1835-இல் பாரிஸில் தொடங்கிய ஹவாஸ், 1846-இல் நியூயார்க் நாளிதழ்கள் கூடித் தொடங்கிய அசோசியேட்டட் பிரஸ், 1851-இல் லண்டனில் தொடங்கிய ராய்ட்டர்ஸ் ஆகியவையும் அவற்றின் வாரிசுகளுமே இன்றும் உலகச் செய்தியின் பெரும்பகுதியைச் சுமக்கின்றன. 1870-இல் ஹவாஸும் ராய்ட்டர்ஸும் ஜெர்மனியின் வூல்ஃப் நிறுவனமும் உலகத்தைத் தமக்குள் பங்கு போட்டுக்கொண்டன. பிரிட்டிஷ் பேரரசு ராய்ட்டர்ஸுக்கு வந்தது. அதனால் இந்தியாவுக்கான உலகச் செய்தி லண்டன் வழியாகவே வந்தது. 1904-இல் ‘சுதேசமித்திர’னில் உதவி ஆசிரியராகச் சேர்ந்த பாரதியார் ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழாக்கும் வேலையைச் செய்த காலத்தில்தான் ரஷ்ய–ஜப்பானியப் போர் நடந்தது. பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பும் இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1941-இல் பிறந்தது. தமிழில் உலகச் செய்தி என்ற துறை வளர்ந்ததில் போருக்கு உள்ள பங்கு சிறியதல்ல.

ஏஜென்சி காப்பி ஒன்று நாளிதழ்ப் பக்கத்துக்குள் எப்படி நுழைகிறது என்பதைக் கிட்ட இருந்து பார்த்தால்தான் இதன் சிக்கல் புரியும். இரவுப் பணியில், வெளியூர்ப் பதிப்பின் பக்கத்தை முடித்து அனுப்ப அரை மணி நேரமே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திரையில் 600, 700 சொற்களில் ஒரு காப்பி நிற்கிறது. மேலே ஊர்ப்பெயரும் தேதியும். முதல் பத்தியில் எத்தனை பேர் இறந்தார்கள், யார் தாக்கினார்கள் என்ற தகவல். இரண்டாவதில் ராணுவத்தின் கூற்று, மூன்றாவதில் எதிர்த்தரப்பின் மறுப்பு. அதற்கும் கீழேதான் இந்தத் தகவலைச் சுயேச்சையாக உறுதிசெய்ய முடியவில்லை என்ற வரி வரும். கடைசியில், செய்திக்கு உதவிய உள்ளூர் நிருபர்களின் பெயர்கள். பக்கத்தில் மிச்சமிருப்பதோ ஒற்றைப் பத்தியில் 120 சொற்களுக்கான இடம். முக்கியமானதை மேலே வைத்து எழுதுவது செய்தித்தொழிலின் பழைய ஏற்பாடு. ஆகவே இடம் போதாவிட்டால் வாலிலிருந்து வெட்டுவதுதான் வழக்கம். அப்படி வெட்டும்போது முதலில் போவது உள்ளூர் நிருபரின் பெயர், அடுத்துப் போவது உறுதிசெய்ய முடியவில்லை என்ற வரி. எந்தத் தணிக்கை அதிகாரியும் சொல்லாமல், எந்தச் சார்பும் இல்லாமல், இடப் பற்றாக்குறை மட்டுமே ஒரு தரப்பின் கூற்றை நடந்த நிகழ்ச்சியாக மாற்றிவிடுகிறது.

தலைப்பில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ‘50 பயங்கரவாதிகள் பலி’ என்பதும் ‘50 பயங்கரவாதிகள் பலி: ராணுவம் தகவல்’ என்பதும் ஒன்றல்ல. பின்னதில் இருக்கும் அந்த இரண்டு சொற்களுக்கும் எழுத்தின் அளவைக் கொஞ்சம் குறைத்தால் இடம் கிடைத்துவிடும். பெரிய எழுத்து வேண்டும் என்பதற்காக அவற்றைத் தூக்குவது தவறு.

நவீனப் போர் நிருபர் என்ற தொழிலுக்குத் தொடக்கமாக எல்லோரும் சுட்டுவது கிரீமியப் போரை. லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழ் 1854-இல் வில்லியம் ஹோவர்ட் ரஸ்ஸலை அங்கே அனுப்பியது. அதுவரை படை அதிகாரிகள் எழுதி அனுப்பும் கடிதங்களே போர்ச் செய்தியாக வந்துகொண்டிருந்தன. படைச் சம்பளப் பட்டியலில் பெயரில்லாத ஒருவர் களத்தில் நின்றதும் வேறு செய்திகள் வந்தன: குளிருக்கு உடையில்லாத சிப்பாய்கள், மருந்தில்லாத மருத்துவக் கூடாரங்கள், காலரா. 1855 ஜனவரியில் பிரதமர் அபர்டீனின் அரசு கவிழ்ந்ததில் இந்தச் செய்திகளுக்குப் பங்கு உண்டு. படைத்தலைமை சும்மா இருக்கவில்லை. 1856 பிப்ரவரியில் தளபதி காட்ரிங்டன், எதிரிக்குப் பயன்படும் விவரங்களை வெளியிடக் கூடாது என்று ஆணை பிறப்பித்தார். அந்த ஆணையின் வாசகங்கள் நாட்டுக்கு நாடு மாறினாலும் சாரம் இன்றைக்கும் அதேதான். ரஸ்ஸல் 1858-இல் இந்தியாவுக்கும் வந்தார். லக்னோவை ஆங்கிலேயர் மீண்டும் பிடித்ததை நேரில் கண்டு எழுதியவர், கிளர்ச்சியாளர்கள் மீது தன் நாட்டவர் காட்டிய பழிவெறியையும் கண்டித்து எழுதினார். தன் தரப்புப் படையோடு சென்றவர் அந்தப் படையைப் பற்றியே உண்மை எழுத முடியும் என்பதற்கு அவர் பழைய சான்று.

இரண்டு உலகப் போர்களிலும் அப்படிப்பட்ட இடம் சுருங்கிப்போனது. நிருபர்கள் சீருடை அணிந்தார்கள். எழுதியது தணிக்கை அதிகாரியின் மேசையைத் தாண்டியே வந்தது. ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். 1945 செப்டம்பர் தொடக்கத்தில், நேச நாட்டு நிருபர்களில் பெரும்பாலோர் ஜப்பானின் சரணாகதிக் கையெழுத்து விழாவுக்காகக் கப்பலுக்குப் போனபோது, வில்ஃப்ரட் பர்செட் என்ற ஆஸ்திரேலியர் தனியாக ரயிலேறி ஹிரோஷிமா போனார். குண்டுவெடிப்பில் தப்பியவர்களும் ஏதோ இனம்புரியாத நோயால் இறந்துகொண்டிருப்பதை அவர் லண்டன் ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ஸில் எழுதினார். கதிர்வீச்சால் யாரும் சாகவில்லை என்று அமெரிக்க அதிகாரிகள் மறுத்தார்கள். விழா நடந்த கப்பலிலிருந்து அந்த நோயாளிகளைப் பார்த்திருக்க வழியே இல்லை.

வியட்நாமில் முறையான முன்தணிக்கை இல்லை. அனுமதி அட்டை வைத்திருந்த நிருபர் ராணுவ ஹெலிகாப்டரிலேயே ஏறிக் களத்துக்குப் போய்விட முடிந்தது. அதனால் தொலைக்காட்சிதான் அமெரிக்காவைத் தோற்கடித்தது என்ற கதை பின்னால் பரவியது. ராணுவத் தலைமைகள் அதை உறுதியாக நம்பின. ஆய்வாளர் டேனியல் ஹாலின் அந்தக் காலத் தொலைக்காட்சிச் செய்திகளை எடுத்து ஆராய்ந்து 1986-இல் நூலாக்கினார். வாஷிங்டனில் அரசியல் தலைவர்கள் ஒன்றாக இருந்தவரை தொலைக்காட்சியும் போருக்குத் துணையாகவே இருந்தது, அவர்களுக்குள் பிளவு வந்த பின்னரே செய்தியில் கேள்விகள் கூடின என்று அவர் காட்டினார். மை லாய் கிராமத்தில் 1968 மார்ச் 16 அன்று நடந்த படுகொலை, சீமோர் ஹெர்ஷ் அதை வெளிக்கொணரும் 1969 நவம்பர் வரை, ஒன்றரை ஆண்டுக்கு மேல் மறைந்தே கிடந்தது. அதை அவர் கண்டுபிடித்ததும் போர்க்களத்தில் நின்றல்ல. அமெரிக்காவிலேயே ராணுவ வழக்கு ஒன்றின் நுனியைப் பிடித்துத் தேடிப்போய்க் கண்டுபிடித்தார். சுதந்திரமாகத் திரிந்த நூற்றுக்கணக்கான நிருபர்களின் கண்ணுக்கும் தப்பும் செய்திகள் உண்டு.

வியட்நாமின் மிகப் புகழ்பெற்ற படம் 1972 ஜூன் 8 அன்று எடுக்கப்பட்டது. நேபாம் குண்டில் உடை எரிந்துபோய்ச் சாலையில் ஓடிவரும் சிறுமியின் படம். ஆடையில்லாத சிறுமியின் படத்தை அனுப்பலாமா என்று அசோசியேட்டட் பிரஸின் (ஏ.பி.) சைகோன் அலுவலகத்திலேயே வாதம் நடந்தது. படப்பிரிவுத் தலைவர் ஹார்ஸ்ட் ஃபாஸ் அனுப்பியே தீர வேண்டும் என்று நின்றார். அரை நூற்றாண்டுக்குப் பிறகு அந்தப் படத்தை எடுத்தவர் யார் என்பதே சர்ச்சையாகிவிட்டது. இதுவரை பெயர் பெற்றவர் நிக் ஊட். எடுத்தவர் உள்ளூர் ஸ்ட்ரிங்கர் (நிரந்தர ஊழியரல்லாத செய்தியாளர்) ஒருவர் என்று ஓர் ஆவணப்படம் சொல்ல, 2025-இல் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ அமைப்பு ஊட்டின் பெயரை நிறுத்திவைத்தது, ஏ.பி. அவர் பெயரையே வைத்துக்கொண்டிருக்கிறது. முடிவு எதுவானாலும், இந்தச் சந்தேகம் எழ முடிகிறது என்பதே தொழிலின் பழைய புண் ஒன்றைக் காட்டுகிறது. ஏஜென்சி நிருபர் என்று உலகம் நினைப்பவருக்குப் பின்னால் உள்ளூர் ஸ்ட்ரிங்கர், வண்டி ஓட்டுபவர், மொழிபெயர்ப்பவர், வழிகாட்டி ஏற்பாடு செய்யும் ஃபிக்ஸர் என்று ஒரு சிறு படையே இருக்கும். சண்டை முற்றும்போது வெளிநாட்டவர் விமானம் ஏறுவார். இவர்கள் அங்கேயே இருப்பார்கள்.

வியட்நாமிலிருந்து ராணுவங்கள் எடுத்துக்கொண்ட பாடம் எளிமையானது: நிருபரை நிற்கவிடும் இடத்தை நாமே தீர்மானிப்போம். 1982-இல் ஃபாக்லாந்து தீவுகளுக்குப் பிரிட்டன் சுமார் 30 செய்தியாளர்களைத் தன் கப்பல்களில் ஏற்றிச் சென்றது. செய்தி அனுப்பவும் கடற்படையின் கருவிகளையே நம்பியிருக்க வேண்டியிருந்தது. 1983-இல் கிரெனடாவில் அமெரிக்கா தொடக்க நாட்களில் நிருபர்களை விடவே இல்லை. 1991 வளைகுடாப் போரில் ‘பூல்’ முறை வந்தது: ராணுவம் தேர்ந்த சிறு குழு அதிகாரியின் துணையோடு போகும், கொண்டுவருவதை எல்லோரும் பகிர்ந்துகொள்வார்கள், அனுப்புமுன் ராணுவம் ஒருமுறை பார்க்கும். சவூதியில் காத்திருந்த நூற்றுக்கணக்கான நிருபர்கள் விளக்கக் கூட்டங்களில் காட்டப்பட்ட வீடியோக்களைப் பார்த்து எழுதினார்கள். கட்டடத்தின் நடுவில் குறிக்கோடு, வெளிச்சம், புகை. மனிதர் ஒருவரும் அந்தப் படங்களில் தென்படவில்லை.

அந்தப் போரின் ஒரு படத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். 1991 பிப்ரவரி 28, போர்நிறுத்தம் வந்த நாள். குவைத்திலிருந்து பின்வாங்கிய இராக்கியப் படையின் எரிந்த வாகனங்களுக்கிடையே கென் ஜாரெக் என்ற இளம் படக்கலைஞர், பூல் குழுவில் ஒருவராகப் போய்க்கொண்டிருந்தார். லாரி ஒன்றின் முன்கண்ணாடிச் சட்டத்தில் ஒரு சிப்பாய் வெளியே வர முயன்ற நிலையிலேயே கருகி இருந்தார். முகம் எரிந்து இறுகியிருந்தது. கைகள் விளிம்பைப் பற்றியபடி இருந்தன. ஜாரெக் படம் எடுத்தார். உடன் வந்த ராணுவ அதிகாரி தடுக்கவில்லை. படச்சுருள் ராணுவத்தின் செய்தி மையத்தைத் தாண்டி நியூயார்க் வந்து சேர்ந்தது. அங்கே ஏ.பி. அலுவலகத்தின் ஆசிரியர்கள் அதை அமெரிக்க நாளிதழ்களுக்குப் போகும் வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வார இதழ்களும் கைவிட்டன. பிரிட்டனின் ‘அப்சர்வர்’ 1991 மார்ச்சில் வெளியிட்டது. கடும் விவாதம் கிளம்பியது. அமெரிக்க வாசகர்கள் போர் முடிந்து மாதங்கள் கழித்து, ஒரு புகைப்பட இதழில்தான் பரவலாகப் பார்த்தார்கள். ராணுவம் விட்டதை ஆசிரியர் மேசை மறைத்தது. வாசகர் காலையில் பிள்ளைகளோடு அமர்ந்து படிக்கும் தாள் இது என்ற அக்கறையில்தான் அந்த முடிவு எடுக்கப்பட்டது. அந்த அக்கறை நியாயமானதே. ஆனால் கட்டடம் இடிவதை மட்டும் காட்டி, உள்ளே இருந்தவரைக் காட்டாமல் விட்டால், போர் வலியில்லாமல் நடந்தேறும் காரியம் என்ற எண்ணமே வாசகர் மனத்தில் தங்கும். முதல் பக்கத்தில் போட வேண்டாம். உள்பக்கத்தில், எச்சரிக்கைக் குறிப்போடு போட்டிருக்க வேண்டும்.

அதே போருக்கு முன்னோட்டமாக நடந்தது இன்னொன்று. 1990 அக்டோபரில் நயீரா என்ற 15 வயதுப் பெண் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் குழுவின் முன் கண்ணீரோடு சாட்சி சொன்னாள். குவைத் மருத்துவமனையில் இராக்கியச் சிப்பாய்கள் குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரிலிருந்து எடுத்துத் தரையில் போட்டதாகச் சொன்னாள். அதிபர் புஷ் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார், தொலைக்காட்சிகள் ஒளிபரப்பின. அவள் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பதும், ஹில் அண்ட் நோல்ட்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம் அந்தச் சாட்சியத்தை ஏற்பாடு செய்தது என்பதும் 1992 ஜனவரியில்தான் வெளியாயின. போர் முடிந்து ஓராண்டு ஆகப் போயிருந்தது. 2003 இராக் போருக்கு முன் பேரழிவு ஆயுதங்கள் பற்றிய செய்திகளும் இப்படித்தான், பெயர் சொல்ல விரும்பாத அதிகாரிகளையும் நாடு கடந்து வாழ்ந்த இராக்கியர்களையும் நம்பி வந்தன. ‘நியூயார்க் டைம்ஸ்’ 2004 மே 26 அன்று தன் செய்திகளில் பல போதிய சரிபார்ப்பின்றி வந்தவை என்று வெளிப்படையாக எழுதியது. போர் ஓராண்டைத் தாண்டிய பிறகு.

பயங்கரவாதச் செய்தி இதற்கு நேர்மாறான சிக்கலைத் தருகிறது. போரில் கேமராவைத் தள்ளி வைக்கப் பார்க்கிறார்கள்; பயங்கரவாதியோ கேமரா வர வேண்டும் என்றே தாக்குகிறான். 1972 செப்டம்பர் 5, மியூனிக் ஒலிம்பிக் கிராமத்தில் இஸ்ரேலிய வீரர்கள் பிணையாகப் பிடிக்கப்பட்டிருந்தபோது, போலீசார் விளையாட்டு உடையில் கூரை மீது ஏறியதைத் தொலைக்காட்சி நேரலையில் காட்டியது. அறைகளில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. பிடித்து வைத்திருந்தவர்களும் பார்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. அன்றிரவு பிணையாளிகள் எல்லோரும் மீட்கப்பட்டதாக முதலில் செய்தி பரவியது. விடியுமுன் தெரியவந்தது வேறு: 11 இஸ்ரேலியரும் இறந்திருந்தார்கள். நேரலை, முந்திக்கொள்ளும் அவசரம், அதிகாரி சொன்னதை அப்படியே நம்புவது ஆகிய மூன்று கேடுகளும் அந்த ஒரே நாளில் தலைகாட்டின.

36 ஆண்டுகள் கழித்து மும்பையில் அதே பிழை பெரிய அளவில் நடந்தது. 2008 நவம்பர் 26 இரவு தொடங்கி 29 காலை வரை 166 உயிர்களைப் பறித்த தாக்குதலின்போது, தாஜ் ஓட்டலையும் நரிமன் இல்லத்தையும் சுற்றிக் கேமராக்கள் நின்றன. கமாண்டோக்கள் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கியதும் நேரலையில் ஓடியது. பாகிஸ்தானிலிருந்து ஏவியவர்கள் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே உள்ளே இருந்தவர்களுக்குத் தொலைபேசியில் உத்தரவு கொடுத்தார்கள். அந்த உரையாடல்களின் பதிவு நீதிமன்றத்தில் சான்றாக வந்தது. 2012 ஆகஸ்ட் 29 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தொலைக்காட்சிகளைக் கடுமையாகக் கண்டித்தது. ஊடகத்தை ஊடகமே நெறிப்படுத்திக்கொள்ளும் என்ற வாதத்துக்கு அவர்களே பெருங்கேடு செய்துவிட்டார்கள் என்றது. பாதுகாப்புப் படை நடவடிக்கை முடியும்வரை நேரலை கூடாது, நியமிக்கப்பட்ட அதிகாரி அவ்வப்போது தரும் விளக்கத்தை மட்டுமே ஒளிபரப்பலாம் என்று 2015-இல் கேபிள் தொலைக்காட்சி விதிகள் திருத்தப்பட்டன. உயிர்காக்கும் நோக்கில் அந்த விதி சரியே. ஆனால் நியமிக்கப்பட்ட அதிகாரி மட்டுமே பேசும் இடமாக நடவடிக்கை முடிந்த பிறகும் அது நீளக் கூடாது.

அரசு தடை விதிக்கும்போது அது எவ்வளவு விசித்திரமாகத் திரும்பும் என்பதற்குப் பிரிட்டனின் அனுபவம் உண்டு. பயங்கரவாதிகளுக்கு விளம்பரம் பிராணவாயு போன்றது என்று 1985-இல் மார்கரெட் தாட்சர் பேசினார். 1988 அக்டோபரில், வட அயர்லாந்து மோதலோடு தொடர்புடைய ஐ.ஆர்.ஏ., ஷின் ஃபேன் உள்ளிட்ட 11 அமைப்புகளின் ஆதரவாளர் குரல்களை ஒளிபரப்பத் தடை வந்தது. தடை குரலுக்கு மட்டுமே. ஆகவே ஷின் ஃபேன் தலைவர் ஜெரி ஆடம்ஸின் முகம் திரையில் வாயசைக்க, ஒரு நடிகர் அவர் சொற்களை உதட்டசைவுக்குப் பொருந்தப் பேசினார். நாடாளுமன்றத்துக்கு மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவரின் பேச்சு நடிகரின் குரலில் வீடுகளுக்குப் போனது. 1994 செப்டம்பரில் தடை நீங்கும்வரை இந்த நிலைதான்.

இதைவிட நல்ல முன்மாதிரி நியூசிலாந்தில் கிடைத்தது. 2019 மார்ச் 15 அன்று கிரைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன் அதை ஃபேஸ்புக்கில் 17 நிமிடம் நேரலையாக விட்டான். முதல் 24 மணி நேரத்தில் 15 லட்சம் பிரதிகளை நீக்கியதாக அந்த நிறுவனம் சொன்னது. அவன் பெயரை ஒருபோதும் உச்சரிக்கப் போவதில்லை என்று பிரதமர் ஜெசிந்தா ஆர்டர்ன் அறிவித்தார். நாட்டின் ஐந்து பெரிய ஊடக நிறுவனங்கள் கூடி, வழக்கு விசாரணையில் அவன் கொள்கைப் பிரச்சாரத்துக்கு இடம் தருவதில்லை என்று தாமாகவே விதி வகுத்துக்கொண்டன. அரசு ஆணை எதுவும் தேவைப்படவில்லை.

யார் செய்தார்கள் என்று ஊகிக்கும் அவசரமும் தொழிலுக்குத் தீராத இழுக்கு. 1995-இல் ஒக்லஹோமா நகரில் 168 பேர் இறந்தபோது பல தொலைக்காட்சிகள் முதல் நாளே மத்திய கிழக்கின் பக்கம் கை நீட்டின. செய்தவன் அமெரிக்க முன்னாள் சிப்பாய். 2011-இல் நார்வேயில் 77 பேர் கொல்லப்பட்டபோதும் அதே ஊகம், அதே முடிவு: செய்தவன் நார்வேக்காரன். அமெரிக்காவில் 2006 முதல் 2015 வரை நடந்த தாக்குதல்களை எரின் கேர்ன்ஸ் குழு ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டது. முஸ்லிம்கள் செய்த தாக்குதலுக்கு மற்றவற்றைவிட 357 சதவீதம் கூடுதல் செய்தி கிடைத்திருந்தது. முதல் நாள் எண்ணிக்கையையும் நம்பக் கூடாது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்தோர் 6,000-க்கு மேல் என்று பல வாரங்கள் எழுதப்பட்டது. இறுதிக் கணக்கு 2,977.

எந்தச் சாவு செய்தியாகிறது என்பதிலும் இடம்தான் பேசுகிறது. 2015 நவம்பர் 12 அன்று பெய்ரூட்டில் இரட்டைக் குண்டுவெடிப்பில் 40-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மறுநாள் பாரிஸில் 130 பேர். பாரிஸில் பெரிய ஏஜென்சி ஒன்றின் தலைமை அலுவலகமே இருக்கிறது. பெய்ரூட் செய்தி ஒரு நாளில் மங்கிவிட்டது. 1994 ஏப்ரலில் ருவாண்டாவில் இனப்படுகொலை தொடங்கியபோது, ஆப்பிரிக்காவுக்கான நிருபர்களில் பலர் மண்டேலா வெல்லப்போகும் தேர்தலுக்காகத் தென்னாப்பிரிக்காவில் இருந்தார்கள். ருவாண்டாவுக்குள்ளோ ஆர்.டி.எல்.எம். வானொலி, கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்களையும் மறைவிடங்களையும் வாசித்துக்கொண்டிருந்தது. வெளி ஊடகம் இல்லாத இடத்தில் உள் ஊடகம் கொலைக்கருவியானது; அதை நடத்தியவர்களுக்குப் பன்னாட்டுத் தீர்ப்பாயம் 2003 டிசம்பரில் தண்டனை விதித்தது. சூடானில் 2023 ஏப்ரலில் தொடங்கிய போர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரை வீடிழக்கச் செய்தது. அது தமிழ் நாளிதழ்களில் ஒற்றைப் பத்திச் செய்தியாக எத்தனை நாள் வந்தது என்று வாசகர் நினைவுகூர்ந்து பார்க்கலாம்.

நிருபரே இல்லாத போர் எப்படி இருக்கும் என்பதைத் தமிழர்கள் அடுத்தவர் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. 2008 செப்டம்பரில் வன்னியை விட்டு ஐ.நா.வும் தொண்டு நிறுவனங்களும் வெளியேற இலங்கை அரசு உத்தரவிட்டது. சுயேச்சையான நிருபர்கள் உள்ளே போக முடியவில்லை. ராணுவம் ஒழுங்குசெய்த பயணங்கள் மட்டுமே இருந்தன. மறுபுறம் புலிகளின் வானொலியும் ஏடுகளும் புலிகளின் தரப்பை மட்டுமே சொல்லின. அவர்களைக் குறைகூறும் குரலுக்கு அங்கே இடமிருந்ததில்லை. குண்டுக்கு நடுவே இருந்த மக்களைப் பற்றி வெளியே தகவல் சொன்னவர்கள் பெரும்பாலும் அங்கே பணியிலிருந்த சில அரசு மருத்துவர்கள். தொலைபேசியில் அவர்கள் சொன்ன எண்ணிக்கையே உலக ஊடகங்களுக்குப் போனது. போர் முடிந்ததும் அவர்கள் காவலில் வைக்கப்பட்டார்கள். 2009 ஜூலையில் கொழும்பில் நிருபர்கள் முன் உட்காரவைக்கப்பட்டு, தாம் சொன்னவை மிகை என்று சொன்னார்கள். ஐ.நா. நிபுணர் குழு 2011-இல், இறுதிக் கட்டத்தில் 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்ற மதிப்பீட்டைக் குறிப்பிட்டது. இன்றும் பெயர் பெயராக எண்ணி முடித்த கணக்கு இல்லை.

அங்கே உள்ளூர்ப் பத்திரிகையாளர் கொடுத்த விலை பெரிது. பி.பி.சி. தமிழோசைக்குச் செய்தி தந்த மயில்வாகனம் நிமலராஜன் 2000 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ‘தராகி’ சிவராம் 2005 ஏப்ரலில் கடத்திக் கொல்லப்பட்டார். 2006 மே 2 அன்று யாழ்ப்பாணத்தின் ‘உதயன்’ அலுவலகத்துக்குள் ஆயுதக்காரர்கள் புகுந்து ஊழியர் இருவரைக் கொன்றார்கள், நாளிதழ் நிற்கவில்லை. அந்த ஆகஸ்டில் ஏ-9 சாலை மூடப்பட்டு அச்சுத்தாளுக்கே தட்டுப்பாடு வந்தபோதும் பக்கங்களைக் குறைத்துக்கொண்டு வெளிவந்தது. ‘சண்டே லீடர்’ ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8 அன்று கொழும்பில், பட்டப்பகலில், அலுவலகத்துக்குப் போகும் வழியில் கொல்லப்பட்டார். வெளியிலிருந்து வந்தவர்களில் மேரி கொல்வின் 2001-இல் வன்னிக்குப் போய்த் திரும்பும்போது குண்டடிபட்டு இடக்கண்ணை இழந்தார். 2012 பிப்ரவரியில் சிரியாவின் ஹோம்ஸ் நகரில் உயிரையும் இழந்தார்.

வன்னியின் கடைசி நாட்களைக் காட்டியவை வெற்றி பெற்ற சிப்பாய்களும் சிக்கிக்கொண்ட மக்களும் எடுத்த கைபேசிக் காட்சிகளே. பிரிட்டனின் சேனல் 4 அவற்றில் ஒன்றை 2009 ஆகஸ்டில் ஒளிபரப்பியது. அது பொய் என்றது அரசு. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ஃபிலிப் ஆல்ஸ்டன் தடயவியல் நிபுணர்களிடம் கொடுத்துப் பார்த்து, உண்மையானதாகவே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் அறிவித்தார். நிருபர் இல்லாத இடத்தின் செய்தியை நிபுணரின் ஆய்வுக்கூடம் தாங்கிப் பிடிக்கும் காலம் தமிழர்களுக்கு அங்கேதான் தொடங்கியது.

இன்று அது அன்றாட வேலையாகிவிட்டது. காட்சியில் தெரியும் கோபுரத்தைச் செயற்கைக்கோள் படத்தோடு பொருத்துவது, நிழலின் நீளத்தைக் கொண்டு நேரத்தைக் கணிப்பது, அதே படம் பழைய ஆண்டில் எங்காவது வந்ததா என்று தேடுவது எல்லாம் வெளிநாட்டுச் செய்தி மேசையில் தெரிந்திருக்க வேண்டிய கைவேலை. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதுமே வீடியோ விளையாட்டுக் காட்சிகள் விமானச் சண்டை என்று பரவின. 2025 மே 8 இரவு, இந்தியா–பாகிஸ்தான் மோதலின்போது, கராச்சி துறைமுகம் அழிக்கப்பட்டதாக இந்தியத் தொலைக்காட்சிகள் சில அறிவித்தன; துறைமுகம் அப்படியே இருந்தது. எல்லையின் மறுபுறத்திலும் பொய்க்கு அன்று குறைவில்லை. அந்த இரவில் எல்லையோர ஊர்களில் பதுங்கு குழிக்குள் இருந்த குடும்பங்களும் அதே செய்தியைத்தான் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தன. போட்டி நிறுவனம் போட்டுவிட்டது என்பது காரணமாகவே முடியாது.

ஆய்வுக்கூடம் நிருபருக்கு மாற்றும் ஆகாது. மரியுபோலில் 2022 மார்ச் 9 அன்று மகப்பேறு மருத்துவமனை தாக்கப்பட்டபோது ஏ.பி.யின் ம்ஸ்திஸ்லாவ் செர்னோவும் எவ்கெனி மலோலெத்காவும் அங்கே இருந்தார்கள். நகரில் மின்சாரம் இல்லை. சூறையாடப்பட்ட மளிகைக் கடை ஒன்றின் வாசலில் மட்டும் கைபேசிச் சிக்னல் கிடைத்தது. அங்கே குனிந்து உட்கார்ந்து படங்களை அனுப்பினார்கள். காயமடைந்த கர்ப்பிணி ஒரு நடிகை என்று ரஷ்யத் தூதரகம் சொன்னது. மறுக்க முடிந்ததற்குக் காரணம், இருவரும் அந்தப் பெண்ணை நேரில் பார்த்திருந்தார்கள், பின்னர் தேடிப்போய்ச் சந்தித்தும் இருந்தார்கள். காசாவிலோ 2023 அக்டோபருக்குப் பின் வெளிநாட்டு நிருபர்கள் சுயேச்சையாக நுழைய இஸ்ரேல் விடவில்லை. முழுச் சுமையும் பாலஸ்தீனப் பத்திரிகையாளர்கள் மேல் விழுந்தது. பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு 1992-இல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து எந்தப் போரிலும் இத்தனை பத்திரிகையாளர்கள் இறந்ததில்லை. 2025 ஆகஸ்ட் 25 அன்று கான் யூனிஸின் நாசர் மருத்துவமனை மீதான தாக்குதலில் மட்டும் ஐந்து பேர். அவர்களில் ராய்ட்டர்ஸுக்கும் ஏ.பி.க்கும் பணிபுரிந்தவர்களும் உண்டு.

ஆகவே தமிழ்ச் செய்தி மேசைகளில் இருப்பவர்களிடம் கேட்க வேண்டியது இதுதான். போர்ச் செய்தியை வாலிலிருந்து வெட்டாதீர்கள், நடுவிலிருந்து வெட்டுங்கள். உறுதிசெய்ய முடியவில்லை என்ற வரியை இரண்டாம் பத்திக்கு ஏற்றுங்கள். தகவல் தந்தவர் யார் என்பது தலைப்பிலேயே இருக்கட்டும். ராணுவம் அழைத்துப்போன பயணத்தில் கிடைத்த செய்தி என்றால் அதையும் எழுதுங்கள், நிருபர்கள் உள்ளே விடப்படவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். ஏஜென்சி காப்பியின் கடைசியில் வரும் உள்ளூர் நிருபரின் பெயரையும் அச்சில் ஏற்றுங்கள்.